அசையாப் படத்தை அசைய வைக்கும் இயற்பியல்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வந்ததும் திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், வேடசந்தூர், நத்தம் என்று எந்த ஊரிலும் பெற்றோர் கேட்கும் கேள்விகளில் ஒன்று அண்மைக் காலத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. “பையன் நன்றாகப் படம் வரைகிறான். அனிமேஷன் படிக்க வைக்கலாமா? அதற்குக் கணக்கும் இயற்பியலும் வேண்டியதில்லை என்கிறார்களே?”

கேள்வியின் முதற்பாதிக்கு “வைக்கலாம்” என்று விடை கூறலாம். இரண்டாம் பாதியில் உள்ள நம்பிக்கை மட்டும் சரியானதன்று. அனிமேஷன் எனப்படும் அசைவூட்டக் கலையும், விஷுவல் எஃபெக்ட்ஸ் எனப்படும் காட்சி விளைவுகளும் ஓவியத்தில் எவ்வளவு ஊன்றியுள்ளனவோ, அவ்வளவு இயற்பியலிலும் ஊன்றியுள்ளன. அது எவ்வாறு என்பதையும், இதை அறிந்து சேர்வதும் அறியாமல் சேர்வதும் ஒரு மாணவனின் பிழைப்பில் என்ன வேறுபாட்டை உண்டாக்கும் என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

திரையில் அசைவு என்பது எது?

திரைப்படத்தில் எதுவும் அசைவதில்லை. ஒரு விநாடிக்கு 24 அசையாப் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டப்படுகின்றன. இவை ஒவ்வொன்றையும் படச்சட்டம் என்கிறோம். இரண்டரை மணி நேரப் படம் 9,000 விநாடி ஓடும். ஆகவே அதில் 2,16,000 படச்சட்டங்கள் இருக்கும்.

இவை தனித்தனிப் படங்களாகத் தெரியாமல் அசைவாகத் தெரிவதற்குப் ‘பார்வை நிலைப்பு’ ஒன்றையே காரணமாகப் பல நூல்கள் கூறி வந்தன. படம் மறைந்த பின்னும் அதன் உணர்வு கண்ணில் சிறிது நேரம் தங்குவது உண்மையே. ஆனால் திரை மினுமினுக்காமல் தெரிவதற்கு மட்டுமே அது விளக்கமாகும். அசைவு என்ற உணர்வை உண்டாக்குவது மூளை. அருகருகே உள்ள இரு விளக்குகளைத் தக்க இடைவெளியில் மாறி மாறி எரியவிட்டால், ஒரே விளக்கு இடம் மாறுவதாக நாம் உணர்கிறோம். ஜெர்மானிய உளவியல் அறிஞர் மாக்ஸ் வெர்தைமர் இதுபற்றிய தம் ஆய்வை 1912-இல் வெளியிட்டார்.

ஆகவே அசைவூட்டக் கலைஞர் வரைவது படத்தை மட்டுமன்று. இரு படங்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டையும் அவர் வரைகிறார். அந்த வேறுபாடு எவ்வளவு இருக்க வேண்டும்? இங்கேதான் இயற்பியல் நுழைகிறது.

விழும் பந்து

உலகெங்கும் அசைவூட்டக் கல்வியில் மாணவருக்கு முதலில் தரப்படும் பயிற்சி பெரும்பாலும் ஒன்றே: ஒரு பந்து விழுந்து எழும்புவதை வரைய வேண்டும். பார்க்க எளிது, செய்யும்போதுதான் கடினம் புரியும்.

ஓய்வு நிலையிலிருந்து விழும் பொருள் t நேரத்தில் கடக்கும் தொலைவு ½gt² என்பதைப் பதினோராம் வகுப்பிலேயே படித்திருக்கிறீர்கள். புவியீர்ப்பு முடுக்கம் g ஏறத்தாழ 9.8 மீ/வி². ஒரு படச்சட்டத்தின் காலம் 1/24 விநாடி. எனவே n-ஆவது படச்சட்டத்தில் பந்து விழுந்திருக்கும் தொலைவு 4.9 × (n/24)² மீட்டர். சுருக்கினால் 0.85 × n² சென்டிமீட்டர் என்று வரும்.

முதற் படச்சட்டத்தில் 0.85 செ.மீ., இரண்டாவதில் 3.4, மூன்றாவதில் 7.7, நான்காவதில் 13.6, ஆறாவதில் 30.6 என்று தொலைவு வளர்கிறது. பன்னிரண்டாவதில் பந்து சுமார் 122 செ.மீ. இறங்கிவிடும். அடுத்தடுத்த படங்களுக்கு இடையே உள்ள இடைவெளிகளை மட்டும் பாருங்கள். அவை 1, 3, 5, 7 என்ற ஒற்றைப்படை எண்களின் விகிதத்தில் விரிகின்றன. சாய்தளத்தில் குண்டை உருட்டி கலிலியோ கண்ட விதி இதுவே.

புதிய மாணவர் பலரும் எல்லா இடைவெளிகளையும் சமமாக வைத்து வரைவார்கள். அப்போது பந்து விழுவதாகத் தோன்றாது. கயிற்றில் கட்டி இறக்குவது போலத் தோன்றும். பார்ப்பவருக்குச் சூத்திரம் தெரியாது. ஆயினும் ஏதோ சரியில்லை என்று உடனே சொல்லிவிடுவார். பிறந்தது முதல் விழும் பொருள்களைப் பார்த்துப் பழகிய கண் அது.

பந்து மேலெழும்புவதைப் பார்ப்போம். 122 செ.மீ. உயரத்திலிருந்து விழுந்த பந்து பாதி உயரத்திற்கு எழும்புவதாகக் கொள்வோம். கீழே வர 12 படச்சட்டங்கள் ஆயின. மேலே செல்ல எத்தனை? பாதி உயரம் என்பதால் ஆறு என்று எண்ணத் தோன்றும். விழுந்ததைப் போலவே 12 என்று வைப்பவரும் உண்டு. இரண்டும் சரியல்ல. நேரம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆகவே 12-ஐ √2-ஆல் வகுக்க வேண்டும். விடை ஏறத்தாழ எட்டரைப் படச்சட்டங்கள். பன்னிரண்டு வைத்தால் அது ரப்பர்ப் பந்தாக இராது. பலூன் போல மிதக்கும்.

டிஸ்னி நிறுவனத்தின் மூத்த கலைஞர்களான ஃபிராங்க் தாமஸ், ஆலி ஜான்ஸ்டன் இருவரும் 1981-இல் வெளியிட்ட நூலில், அசைவூட்டத்தின் அடிப்படைகளாகப் பன்னிரண்டு நெறிகளைத் தொகுத்துத் தந்தனர். அவற்றுள் பல நமக்குப் பழக்கமானவையே. மெல்லத் தொடங்கி மெல்ல நிற்க வேண்டும் என்ற நெறி முடுக்கத்தைப் பற்றியது. உடல் நின்ற பின்னும் தலைமுடியும் துணியும் சிறிது தொடர்ந்து செல்ல வேண்டும் என்பது நிலைமம். கை கால்கள் வளைகோட்டில் இயங்க வேண்டும் என்பதற்குக் காரணம், அவை மூட்டுகளைப் பற்றிச் சுழல்கின்றன என்பதே. பந்து தரையில் நசுங்கும்போது பக்கவாட்டில் அகல வேண்டும் என்ற நெறி பருமன் மாறாமையைக் குறிக்கிறது. அந்தக் கலைஞர்கள் இவற்றைச் சமன்பாடுகளாக எழுதவில்லை. பல்லாண்டு உற்று நோக்கிக் கண்டறிந்தார்கள்.

சிறுமலையும் ரயில் சன்னலும்

திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்கு ரயிலில் சென்றிருப்பீர்கள். அம்பாத்துரை, கொடைரோடு வழியாகச் செல்கையில் கிழக்கே சிறுமலை தெரியும். தண்டவாளத்தை ஒட்டிய தென்னை மரங்கள் சரசரவென்று பின்னால் ஓடுகின்றன. தொலைவிலுள்ள தோப்பு மெதுவாக நகர்கிறது. மலையோ நம்முடன் கூடவே வருவது போல நிற்கிறது.

இதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். வண்டி மணிக்கு 60 கி.மீ. வேகத்தில், அதாவது விநாடிக்கு 16.7 மீட்டர் செல்வதாகக் கொள்க. 20 மீட்டர் தொலைவிலுள்ள மரம் நம் கண்ணுக்கு நேரே வரும்போது விநாடிக்கு ஏறத்தாழ 48 பாகை நகரும். ஒரு படச்சட்டத்திற்கு 2 பாகை. மலை 5 கி.மீ. தொலைவில் இருந்தால் அது விநாடிக்கு 0.2 பாகைகூட நகராது. தொலைவு 250 மடங்கு. ஆகவே நகர்வு 250-இல் ஒரு பங்கு.

இந்த இடமாறு தோற்றத்தைத் திரைக்குக் கொண்டுவரவே பல்தளக் கேமரா பிறந்தது. மரம், தோப்பு, மலை ஆகியவற்றைத் தனித்தனிக் கண்ணாடிகளில் வரைந்து, ஒன்றன் கீழ் ஒன்றாக இடைவெளிவிட்டு அடுக்கி, ஒவ்வொன்றையும் வெவ்வேறு அளவில் நகர்த்தி மேலிருந்து படமெடுப்பார்கள். டிஸ்னி நிறுவனம் 1937-இல் வெளியிட்ட ‘தி ஓல்டு மில்’ என்னும் குறும்படத்தில் இம்முறை பயன்பட்டது. இன்று கணிப்பொறித் திரையில் அதே அடுக்குகளை மென்பொருள் நகர்த்துகிறது. எந்த அடுக்கை எவ்வளவு நகர்த்துவது என்று சொல்ல வேண்டியவர் கலைஞரே. ரயில் சன்னலோரம் விழித்திருந்தவருக்கு அது தெரியும்.

பாறை விழுந்தால் எத்தனை விநாடி?

அசைவூட்டத்தின் உடன்பிறப்பு காட்சி விளைவு. உண்மையில் படமாக்க முடியாததை, அல்லது படமாக்கினால் ஆபத்தானதை, உண்மை போலக் காட்டுவது அதன் வேலை.

கணிப்பொறி வருமுன் இதற்குச் சிறு மாதிரிகளைச் செய்தார்கள். திண்டுக்கல் மலைக்கோட்டையைப் போன்ற ஒரு குன்றின் உச்சியிலிருந்து பெருங்கல் ஒன்று விழுவதாகக் காட்ட வேண்டும் என்க. கல் விழும் உயரம் 100 மீட்டராயின், காற்றுத்தடையை விட்டுவிட்டால், அது தரையைத் தொட 4.5 விநாடி ஆகும். இதை இருபத்தைந்தில் ஒரு பங்கு மாதிரியாகச் செய்தால் உயரம் 4 மீட்டர், கல் 0.9 விநாடியில் விழுந்துவிடும். அதை அப்படியே படமெடுத்துக் காட்டினால் பொம்மை என்று குழந்தையும் சொல்லிவிடும்.

வழி என்ன? அளவை 25 மடங்கு சுருக்கினால் நேரம் √25, அதாவது 5 மடங்கு சுருங்குகிறது. ஆகவே கேமராவை ஐந்து மடங்கு வேகத்தில், விநாடிக்கு 120 படச்சட்டங்களாக ஓட்ட வேண்டும். அதை வழக்கமான 24 வேகத்தில் திரையிட்டால் 0.9 விநாடி நிகழ்ச்சி நான்கரை விநாடியாக நீளும். பொம்மைக்கல் பெருங்கல்லின் கனத்தைப் பெற்றுவிடும்.

இதே விதி கணிப்பொறியில் உருவாக்கும் பூதங்களுக்கும் பொருந்தும். நடக்கும்போது கால் ஏறத்தாழ ஓர் ஊசலைப் போல ஆடுகிறது. ஊசலின் அலைவு நேரம் நீளத்தின் வர்க்கமூலத்திற்கு நேர்விகிதம். எனவே மனிதனைப் போல நான்கு மடங்கு உயர அரக்கன் ஓரடி எடுத்து வைக்க இரு மடங்கு நேரம் எடுக்க வேண்டும். மனித வேகத்திலேயே நடக்கவிட்டால் அரக்கனிடம் எடை இருக்காது.

அளவு மிகச் சிறிதானாலோ சிக்கல் வேறு வகையானது. 2012-இல் தெலுங்கில் ‘ஈகா’ என்றும் தமிழில் ‘நான் ஈ’ என்றும் வந்த படத்தின் நாயகன் கணிப்பொறியில் உருவான ஓர் ஈ. சிறந்த காட்சி விளைவுகளுக்கான தேசிய விருது அப்படத்திற்குக் கிடைத்தது. வீட்டு ஈ விநாடிக்கு ஏறத்தாழ 200 முறை இறகடிக்கிறது. ஒரு படச்சட்டத்தின் காலத்திற்குள் எட்டு முறை! ஆகவே பறக்கும் ஈயின் இறகைக் கூர்மையாக வரைவது பொய்யாகும். மங்கிய விசிறி போலத்தான் காட்ட வேண்டும். வேகமாக நகரும் எதுவும் கேமராவில் இப்படி இழுபட்டே பதியும். இந்த இயக்க மங்கலைக் கணக்கிட்டுச் சேர்க்காவிட்டால் கணிப்பொறிப் படம் வெடுக்வெடுக்கென்று துள்ளும்.

ஒளி பொய் சொல்லாது

பச்சைத் திரையின் முன் நடிகரைப் படமெடுத்து, பச்சையை நீக்கி, வேறொரு பின்னணியில் பொருத்துவதை அறிவீர்கள். இதன் உள்ளே இருப்பது ஒரு சிறு எண்கணிதம். படம் நுண்ணிய புள்ளிகளால் ஆனது. நடிகரின் தலைமுடி ஓரத்தில் ஒரு புள்ளியில் 40 விழுக்காடு முடியும் 60 விழுக்காடு வெளியும் இருந்தால், புதிய படத்தில் அப்புள்ளியின் நிறம் முடியின் நிறத்தில் 0.4 பங்கும் பின்னணி நிறத்தில் 0.6 பங்கும் சேர்ந்ததாகும். தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் இருவரும் 1984-இல் வெளியிட்ட கட்டுரையில் இக்கலவைக் கணிதத்தை முறைப்படுத்தினர்.

ஆனால் ஒட்டுவது மட்டும் போதாது. நிழல்கள் ஒத்துப்போக வேண்டும். சூரியன் ஓர் ஒளிப்புள்ளி அன்று. வானில் அதன் அகலம் ஏறத்தாழ அரைப் பாகை. ஆகவே நிழலின் விளிம்பு, பொருளுக்கும் நிழல் விழும் பரப்புக்கும் உள்ள தொலைவில் சுமார் நூறில் ஒரு பங்கு மங்கலாக இருக்கும். கூரை ஓரத்தின் நிழல், இரண்டு மீட்டர் கடந்து தரையில் விழும்போது, ஏறக்குறைய 2 செ.மீ. அகலத்திற்கு மங்கும். கத்தியால் வெட்டியது போன்ற நிழலைப் போட்டால் அது வெயிலாகத் தோன்றாது; விளக்காகத் தோன்றும். ஒளிவிலகல், எதிரொளிப்பு, ஒளிச்சிதறல் என்று நாம் ஆய்வகத்தில் படிப்பவை அனைத்தும் இத்துறையின் அன்றாடக் கருவிகள். ஒளி ஒரு பரப்பிலிருந்து மறு பரப்புக்குப் பரவுவதை ஒரே சமன்பாடாக ஜேம்ஸ் கஜியா 1986-இல் எழுதினார். இன்றைய பெரும் மென்பொருள்கள் அச்சமன்பாட்டுக்கு விடை தேடும் பொறிகளே எனலாம்.

எங்கே கற்பிக்கிறார்கள்?

இந்தியாவில் இக்கலை பயிற்சிக்கூடத்தில்தான் வேர்விட்டது. டிஸ்னியில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் 1956-இல் மும்பை வந்து, மத்திய அரசின் திரைப்படப் பிரிவுக் கலைஞர்களுக்குப் பயிற்சி அளித்தார். அவர்களின் முயற்சியில் புத்த ஜாதகக் கதை ஒன்று ‘தி பான்யன் டியர்’ என்ற படமாக 1957-இல் உருவானது. அதே ஆண்டில் சென்னை வாகினி ஸ்டூடியோவில் உருவான ‘மாயா பஜார்’ படத்தில், கணிப்பொறியே இல்லாமல், மார்கஸ் பார்ட்லேயின் கேமரா செய்த மாயங்களை மக்கள் வியந்து பார்த்தனர். பின்னர் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனமும், மும்பை ஐ.ஐ.டி.யின் வடிவமைப்புத் துறையும் அசைவூட்டத்தை உயர்கல்விப் பாடமாக்கின.

நம் மாநிலத்தில் சென்னை தரமணியிலுள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம், அனிமேஷன் மற்றும் விஷுவல் எஃபெக்ட்ஸ் பாடத்தை நான்காண்டுக் காட்சிக்கலைப் பட்டப்படிப்பாக நடத்துகிறது. தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் பட்டம் அது. இது தவிர, காட்சித் தொடர்பியல் என்ற பெயரிலும் அனிமேஷன் என்ற பெயரிலும் பல கலைக் கல்லூரிகளில் மூன்றாண்டுப் பட்டப்படிப்புகள் உள்ளன. பல்கலைக்கழகத் தொடர்பின்றிச் சான்றிதழ் மட்டும் தரும் தனியார் பயிற்சி மையங்களும் உண்டு.

எதைக் கேட்டுச் சேர வேண்டும்?

இனிப் பெற்றோரின் கவலைக்கு வருவோம். நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டும் வீடுகளும் உண்டு. ஆகையால் ஒளிவுமறைவின்றிப் பேச வேண்டும்.

இத்தொழிலில் புகழுக்கும் பாதுகாப்புக்கும் தொடர்பில்லை. ‘லைஃப் ஆஃப் பை’ படத்தின் புலியைக் கணிப்பொறியில் உருவாக்கிய ரிதம் அண்டு ஹியூஸ் நிறுவனத்திற்கு மும்பையிலும் ஹைதராபாத்திலும் நிலையங்கள் இருந்தன. காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் விருது அப்படத்திற்கு 2013 பிப்ரவரி 24 அன்று கிடைத்தது. அதற்குச் சில நாள் முன்னரே நிறுவனம் திவால் மனு அளித்துவிட்டது. 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது பெங்களூரிலும் மும்பையிலும் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வேலையிழந்தனர். மேலும், படச்சட்டம் படச்சட்டமாக உருவத்தின் ஓரத்தைக் கோடிட்டுப் பிரிக்கும் ‘ரோட்டோ’ போன்ற தொடக்க நிலைப் பணிகளை இப்போது செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் செய்யத் தொடங்கியுள்ளன.

ஆகவே ஒரு மென்பொருளின் பொத்தான்களை மட்டும் கற்றவர், அம்மென்பொருள் பழசாகும்போது தாமும் பழசாகிறார். அசைவையும் ஒளியையும் கற்றவர் அடுத்த கருவியைச் சில வாரங்களில் கைக்கொள்வார். கருவி தானே வரைந்து தந்த படத்தில் எங்கே பிழை என்றும் சொல்வார். g-இன் மதிப்பு மென்பொருளுக்கு மென்பொருள் மாறுவதில்லை.

எனவே கல்லூரியில் சேருமுன் சில கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். தரப்படுவது பல்கலைக்கழகப் பட்டமா, வெறும் சான்றிதழா? முதலாண்டில் மனிதர்களையும் விலங்குகளையும் பார்த்து வரையும் பயிற்சி உண்டா, அல்லது முதல் நாளே மென்பொருளா? முடித்துச் சென்ற மாணவர் எடுத்த குறும்படங்களைக் காட்டுவார்களா? நான்காண்டிற்கும் சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு? இவற்றுக்கு நேரான விடை தராத இடத்தில் பணத்தைக் கட்ட வேண்டாம்.

தமிழ் வழியில் படித்தவர்கள் தாழ்வு மனப்பான்மை கொள்ளத் தேவையில்லை. மென்பொருளில் உள்ள ஆங்கிலச் சொற்கள் சில நூறுதான், பழக்கத்தில் வந்துவிடும். நிலைமமும் முடுக்கமும் எதிரொளிப்பும் தமிழில் தெளிவாகப் புரிந்திருந்தால், அதுவே பெரிய முதல். கருவிக்கும் பெரும்பொருள் தேவையில்லை. பிளெண்டர் என்னும் மென்பொருள் 2002 முதல் கட்டற்ற மென்பொருளாக இலவசமாகக் கிடைக்கிறது. அதைக் கொண்டு லாத்வியா என்ற சிறு நாட்டின் இயக்குநர் கிண்ட்ஸ் ஜில்பலோடிஸ் உருவாக்கிய ‘ஃப்ளோ’ என்ற படம், 2025 மார்ச்சில் சிறந்த அசைவூட்டப் படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது.

செய்து பாருங்கள்

கல்லூரிக்குச் செல்லும் வரை காத்திருக்கவும் வேண்டாம். சுவரில் செங்குத்தாக ஓர் அளவு நாடாவை ஒட்டுங்கள். அதன் முன் ஒரு பந்தை 122 செ.மீ. உயரத்திலிருந்து விடுங்கள். நண்பர் ஒருவர் கைப்பேசியில் அசையாமல் பிடித்துப் படமெடுக்கட்டும். பிறகு படத்தை நிறுத்தி நிறுத்தி ஒவ்வொரு படச்சட்டத்திலும் பந்து எங்கே இருக்கிறது என்று குறியுங்கள். அக்குறிகளைப் பார்த்து நாற்பது பக்க நோட்டின் ஓரங்களில் பக்கத்துக்கு ஒன்றாகப் பந்தை வரைந்து, பக்கங்களைக் கட்டைவிரலால் விரைவாகப் புரட்டுங்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். பல கைப்பேசிகள் விநாடிக்கு 24 அல்ல, 30 படச்சட்டங்கள் எடுக்கும். அப்படியானால் மேலே கண்ட 0.85 என்ற எண் எவ்வளவாக மாறும்? 0.54 என்று உங்கள் கணக்கில் வந்து, சுவரில் இட்ட குறிகளும் அதை ஒட்டி அமைந்தால், இப்படிப்பின் முதற்பாடத்தை வீட்டிலேயே முடித்துவிட்டீர்கள்.